தாரிணியைச் சமாதானப்படுத்துவது எப்படி?

மூன்றாம் நாள் காலைப் பயிற்சியில் டாக்டர் பூங்கோதைக்கு எதிரே வந்து உட்கார்ந்த பெண்ணுக்குத் தாரிணி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தாரிணி உண்மையான பெண் இல்லை. அறையின் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நாற்காலியில் அவள். மூச்சு விட்டாள், துப்பட்டாவைச் சரிசெய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். விஞ்ஞானிகள் மனிதர்களோடு பேசக் கற்றுக்கொள்வதற்காகச் செய்யப்பட்ட பொம்மை மனிதர்களில் அவளும் ஒருத்தி. இப்படி ஒன்பது பேர் இருந்தார்கள். கோபக்கார மூத்த விஞ்ஞானி, அழுகிற ஆய்வு மாணவன், கட்டுரையில் பெயர் விட்டுப்போனதென்று சண்டைக்கு வருகிறவர். முந்தைய இரண்டு நாட்களில் பூங்கோதை அவர்களையெல்லாம் பார்த்துவிட்டிருந்தாள். எல்லோரிடமும் நல்ல மதிப்பெண்.

சென்னைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த விடுதியில் ஐந்து நாள் மென்திறன் பயிற்சி. பூங்கோதைக்கு நாற்பத்தொன்பது வயது. வெப்பநல ஆய்வு நிலையத்தில் உடல்வெப்பக் கருவிகள் பிரிவின் தலைவி. அடுத்த மாதம் துணை இயக்குநர் ஆகப் போகிறாள். அதற்கு இந்தப் பயிற்சியில் எண்பது மதிப்பெண் வேண்டும். கருவியைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்கு மதிப்பெண் கிடையாது.

கையிலிருந்த குறிப்புத்தாளில் இப்படி இருந்தது. ‘தாரிணி, இளநிலை ஆய்வாளர். திறமையானவர், பிடிவாதக்காரர். கருவி வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு ஓர் ஆட்சேபணையுடன் வருகிறார். இலக்கு: அறையை விட்டுப் போகும்போது அவர் மன நிறைவோடு இருக்க வேண்டும். வெளியீட்டுத் தேதி மாறக் கூடாது.’

“மேடம், முப்பத்தோரு பேர்ல இருபத்தாறு பேருக்கு ரெண்டு டிகிரி கம்மியா காட்டுது” என்று தாரிணி ஆரம்பித்தாள். “முதல்ல நம்பரச் சொல்லிருதேன். அப்புறம் நீங்க என்ன வேணாலும் கேளுங்க.”

பூங்கோதை பழக்கப்பட்ட புன்னகையோடு முன்னால் சாய்ந்தாள். “தாரிணி, இதை நேர்ல வந்து சொன்னதுக்கு முதல்ல நன்றி. இவ்வளவு உழைச்சிருக்கீங்க. உங்களுக்கு எவ்வளவு கவலையா இருக்கும்னு எனக்குப் புரியுது.”

திரையின் ஓரத்தில் இருந்த, மதிப்பெண் காட்டும் சின்ன முள் மேலே ஏறியது. தாரிணியின் தோள்கள் சற்றுத் தளர்ந்தன.

“கவலை எனக்கு இல்ல மேடம். அங்க நிக்கிறவங்களுக்குத்தான். களத்துல மூணு மணி நேரம் நின்னா தோல் மேல வெள்ளையாப் படிஞ்சிருது. கருவிக்கும் தோலுக்கும் நடுவுல அது போய் உட்காந்துக்கிடுது. உள்ள கொதிக்குது, வெளிய பச்சை எரியுது. பச்சை எரிஞ்சா அவங்கள வேலை வாங்குவாங்க மேடம். விளக்கே இல்லாம இருந்தாலாவது, தலை சுத்துதுன்னு சொல்லிட்டு ஓரமா உட்காருவாங்க.”

பூங்கோதையின் புன்னகை அப்படியே நின்றது.

இந்த வாக்கியத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். இதே சொற்கள், இதே வரிசை, ‘விளக்கே’ என்பதில் இதே அழுத்தம். செய்தி வாசிப்பவள் போன்ற வழவழப்பான இந்த முகத்திலிருந்து அல்ல. வெயிலில் கறுத்துப்போன, கீழுதடு வெடித்திருந்த வேறொரு முகத்திலிருந்து. அப்போது அது ‘களம்’ இல்லை, ‘அளம்’. உப்பளம். பெயரையும் முகத்தையும் மாற்றியவர்கள் இடத்தையும் ஓர் எழுத்தை மாற்றி மறைத்திருந்தார்கள். பேச்சை மாற்ற மறந்துவிட்டார்கள்.

“உன் ஊர் எது?” என்று பூங்கோதை கேட்டாள்.

தாரிணி கண் சிமிட்டினாள். குரல் சட்டென்று தட்டையானது. “அந்தத் தகவல் இந்தப் பயிற்சியில் இல்லை.”

“ஜெபமலர்தானே நீ?”

“அந்தத் தகவல் இந்தப் பயிற்சியில் இல்லை.”

முள் சரசரவென்று கீழே இறங்கியது.

*

ஐந்து வருடங்களுக்கு முன்பு ஜெபமலருக்கு இருபத்தொன்பது வயது. பூங்கோதையின் பிரிவில் செய்த வெப்பப் பட்டையைச் சோதிக்கத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனாள். மூன்று வாரம் போதும் என்று அனுப்பினார்கள். மூன்று மாதம் தங்கினாள். பட்டை என்பது மேல்கையில் கட்டிக்கொள்கிற ஒரு சின்ன கருவி. வெயிலில் வேலை செய்கிறவரின் உடல்வெப்பம் சரியாக இருந்தால் பச்சை, ஏறினால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. வருடா வருடம் கோடை கொன்றுகொண்டிருந்த காலம் அது. பட்டை நாற்பதாயிரம் பேருக்குப் போவதாக இருந்தது. தேதி குறித்தாகிவிட்டது. விழாப் பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் ஜெபமலர் பூங்கோதையின் அறைக்கு வந்து, முப்பத்தோரு பேரில் இருபத்தாறு பேர் என்றாள். உப்புத் தண்ணீர் உடம்பில் காய்ந்து படிவதைச் சோதனைக்கூடத்தில் யாரும் யோசிக்கவில்லை. அங்கே கல்லூரிப் பையன்களைச் சூடான அறையில் ஓடவிட்டுத்தான் பார்த்தார்கள். பட்டையின் அடிப்பாகத்தை மாற்ற ஆறு மாதம் ஆகும், அதுவரை நிறுத்துங்கள் என்று கேட்டாள்.

பூங்கோதை அப்போதுதான் தன் முதல் மென்திறன் பயிற்சியை முடித்துவிட்டு வந்திருந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. டீ வரவழைத்தாள். நாற்பது நிமிடம் கேட்டாள். நன்றி சொன்னாள். ஜெபமலரின் கவலையைத் திருப்பி அவளுக்கே எடுத்துச் சொன்னாள். ‘இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்’ என்றாள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். ஜெபமலர் கண் கலங்க நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தாள் மேசை இழுப்பறைக்குள் போனது. பட்டை ஒரு வாரத்தில் வெளிவந்தது. நான்கு மாதம் கழித்து ஜெபமலர் வேலையை விட்டாள். ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தாள். பூங்கோதை அதில் கையெழுத்துப் போட்டாள். அன்று அவளுக்குத் தான் ஒரு தவறு செய்ததாகவே தோன்றவில்லை. ஒரு கடினமான உரையாடலை நன்றாக நடத்தியதாகத்தான் நினைப்பு.

*

பயிற்சியை நடத்திய நிரஞ்சன் முப்பது வயதுக்காரன். பணிவானவன். இடைவேளையில் பூங்கோதை அவனைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள்.

“தாரிணியை எதிலிருந்து செஞ்சீங்க?”

“நிஜ உரையாடல்கள்லேர்ந்துதான் மேடம். அதனாலதான் இவ்வளவு உயிரோட்டமா இருக்கு. உங்க நிலையம் உள்பட பதினாலு நிறுவனங்கள் அலுவலக அறைப் பதிவுகளை எங்களுக்குக் கொடுக்குது. வேலைல சேரும்போதே ஒப்புதல் கையெழுத்து வாங்கிடுவாங்க.”

“எல்லாரையும் விட்டுட்டு அவளை ஏன் எடுத்தீங்க?”

நிரஞ்சன் உற்சாகமானான். “அவங்களுக்காக எடுக்கல மேடம். அந்தப் பதிவுல இருந்த மேலாளருக்காக. அப்படி ஒரு கையாளல் எங்ககிட்ட வேற இல்லை. எதிர்ல இருக்கறவங்க அவ்வளவு உறுதியா வந்து, அவ்வளவு திருப்தியாப் போறாங்க. தேதியும் மாறல. நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. அவங்கதான் இந்தப் பயிற்சியோட மாதிரி விடை. தனியுரிமைக்காக அது யாருன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க.”

பூங்கோதை தாழ்வாரத்துச் சுவரில் கை வைத்துக்கொண்டாள்.

“இதுவரைக்கும் எத்தனை பேர் தாரிணிகிட்ட பேசியிருக்காங்க?”

“அறுநூத்திப் பன்னிரண்டு பேர். உங்களையும் சேர்த்தா பதிமூணு.”

“அவ சொல்றது சரியா தப்பான்னு யாராவது பார்த்தீங்களா?”

நிரஞ்சனுக்குக் கேள்வியே புரியவில்லை. “உள்ளடக்கம் எங்க பகுதி இல்லையே மேடம். எப்படிப் பேசறோம்கறதுதான் பாடம். என்ன பேசறோம்கறதுக்குள்ள நாங்க போறதில்ல.”

“அறுநூத்திப் பன்னிரண்டு விஞ்ஞானிங்க. ஒருத்தி வந்து, ஒரு கருவி ஆளைக் கொல்லும்னு எண்ணிக்கையோட சொல்றா. ஒருத்தர்கூட, ‘அந்த எண்ணைக் காட்டு’ன்னு கேட்கலையா?”

“ஒண்ணு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க மேடம். அவங்களுக்கு மதிப்பெண் குறைஞ்சது. விவரத்துக்குள்ள போய்ட்டா உரையாடல் நீண்டுடும்.”

அவன் திமிரில் சொல்லவில்லை. அதனால்தான் பூங்கோதைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைத் திட்டினால், நன்றி சொல்லிவிட்டுக் குறித்துக்கொள்வான்.

இயக்குநர் சபேசனை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். பட்டையை மறுபடியும் உப்பளத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை நிறுத்த வேண்டும் என்றாள்.

“பூங்கோதை, இதை நேரா என்கிட்ட வந்து சொன்னதுக்கு முதல்ல நன்றிம்மா.”

“சார், அடுத்ததா என் கவலை உங்களுக்குப் புரியுதுன்னு சொல்லுவீங்க.”

“புரியுதும்மா. நிஜமாவே புரியுது. இதை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். நீங்க வந்ததும் ஒரு டீ சாப்பிட்டுக்கிட்டே...”

அவள் போனை வைத்துவிட்டாள். மதிய உணவுக்கு மணி அடித்தது. பூங்கோதை பழைய சக ஊழியர் ஒருவரிடம் ஜெபமலர் இருக்குமிடத்தை விசாரித்துவிட்டு, பெட்டியோடு பேருந்து நிலையத்துக்குப் போனாள்.

*

ஜெபமலர் தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்புப் பொட்டலம் போடுகிற ஒரு தொழிற்சாலையில் அயோடின் அளவு பார்க்கிற வேலையில் இருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் நின்ற பூங்கோதையைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்படவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, “சொல்லுங்க மேடம்” என்றாள்.

பூங்கோதை எல்லாவற்றையும் சொன்னாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த அழகான வாக்கியங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டு, நடந்தது நடந்தபடி சொன்னாள். மாதிரி விடை யாருடையது என்பதையும் சொன்னாள்.

ஜெபமலர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“அறுநூறு பேரா?”

“அறுநூத்திப் பன்னிரண்டு.”

“அதுல ஒரு தடவையாவது நான் ஜெயிச்சேனா?”

பூங்கோதை இல்லையென்று தலையசைத்தாள்.

“அப்போ, அறுநூறு தடவ நான் போய் நின்னு கெஞ்சியிருக்கேன். அறுநூறு தடவயும் என்னத் தட்டிக்குடுத்து அனுப்பியிருக்கீங்க. நான் இங்க நிம்மதியா சோறு தின்னுட்டு இருக்கேன்னு நெனச்சிட்டிருக்கேன், அங்க ஒருத்தி என் வாயை வச்சு கெஞ்சிக்கிட்டே கெடக்கா.” “யாரக் கேட்டு மேடம்? எங்கேயோ ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டேன்னா, என்னயவே எடுத்துக்கிடலாமா?”

“தப்புதான். நான் வந்தது...”

“மன்னிப்புக் கேக்காதீங்க. நீங்க நல்லாக் கேப்பீங்க, தெரியும்.” ஜெபமலர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அன்னைக்கு நீங்க என்னத் திட்டியிருந்தீங்கன்னா, வெளியே போடின்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் அன்னைக்குச் சாயங்காலமே பத்திரிகைக்காரங்ககிட்ட போயிருப்பேன். நீங்க டீ வாங்கிக் குடுத்தீங்க. நம்பிட்டேன். நாலு மாசம் காத்துக் கெடந்தேன். அந்த நாலு மாசத்துக்குள்ள எல்லா அளத்துலயும் பட்டையக் கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வாயத் தெறந்தா, வேலைய விட்ட வயித்தெரிச்சல்ல பேசுதான்னு சொன்னாங்க.”

இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துத் திறந்து வைத்தாள். பதினோரு பெயர்கள்.

“சந்தனமாரி. அந்த முப்பத்தோரு பேர்ல ஒருத்தங்க. நாப்பத்திமூணு வயசு. பாத்தியிலயே விழுந்தாங்க. தூக்கும்போதும் கையில பச்சை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். ஆஸ்பத்திரில பட்டையோட பதிவ எடுத்து ஒட்டி, உடம்புச்சூடு சாதாரணம், மாரடைப்புன்னு எழுதிட்டாங்க. வெயில்ல செத்தாங்கன்னு சொல்லக்கூட முடியல. மிஷின் சாட்சி சொல்லிருச்சு. மிச்சப் பத்துப் பேருக்கும் அதேதான். எனக்குத் தெரிஞ்சது பதினொண்ணு. தெரியாதது எவ்வளவோ?”

பூங்கோதை அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். நிலையத்தின் ஆண்டறிக்கை அவளுக்கு ஞாபகம் வந்தது. பட்டை வந்த பிறகு வெப்ப மரணங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதாக அதில் இருந்தது. அந்த வரியை எழுதியவள் அவள்தான். மரணங்கள் குறையவில்லை. அவற்றின் பெயர் மாறியிருந்தது.

“வாங்க” என்றாள் ஜெபமலர், குடையை எடுத்துக்கொண்டு. “படிச்சது போதும்.”

*

மணி பன்னிரண்டே கால். கண் கூசுகிற வெள்ளை. பாத்திகளின் நடுவே ஒன்பது பெண்கள் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

“முன்னாடியெல்லாம் விடியறதுக்கு முந்தி இறங்கி, பத்து மணிக்குக் கரையேறிருவாங்க” என்றாள் ஜெபமலர். “பட்டை வந்தப்புறம் ஒரு மணி வரைக்கும். பச்சை எரியுதுல்லா, அப்புறம் என்னன்னு ஒரே பேச்சு.”

வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் அருகே போனார்கள். பெயர் பேச்சியம்மாள். ஐம்பது வயது இருக்கும். கையெல்லாம் உப்புப் பூத்து, பட்டையின் ஓரங்களில் வெள்ளைக் கோடு கட்டியிருந்தது. பச்சை எரிந்தது. ஜெபமலர் பையிலிருந்து காதில் வைத்துப் பார்க்கிற வெப்பமானியை எடுத்து வைத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டுப் பூங்கோதையிடம் நீட்டினாள். நூற்று மூன்று.

கங்காணி குடையோடு வந்தார். “என்ன பேச்சி, உட்காந்துட்ட? பச்சைதான எரியுது?”

பூங்கோதை குனிந்து அந்தப் பட்டையை அவிழ்த்தாள்.

“ஏம்மா, அதக் கழட்டக் கூடாது. நீங்க யாரு?”

“இந்தப் பச்சையை எரிய வச்சவ” என்றாள் பூங்கோதை.

குடிதண்ணீர்க் கேனைச் சாய்த்துப் பேச்சியம்மாளின் கையைக் கழுவினாள். பட்டையின் அடியை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் கட்டினாள். இரண்டு நிமிடத்தில் விளக்கு மஞ்சளானது. இன்னும் ஒரு நிமிடத்தில் சிவப்பாகி, கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பாத்தியில் இருந்த ஒன்பது பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் அந்தச் சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை.

கங்காணி ஓர் அடி பின்வாங்கினார்.

பேச்சியம்மாள் தன் கையையே பார்த்தபடி இருந்தாள். “இம்புட்டு நாளும் எனக்குத்தான் உடம்பு வணங்கலன்னு நெனச்சேன். பச்ச எரியுதே, நமக்குத்தான் சோம்பல்னு நெனச்சேம்மா.”

அதைக் கேட்டபோதுதான் பூங்கோதைக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற எண்ணமும் கூடவே வந்தது. பேச்சியம்மாளைக் கைத்தாங்கலாக நிழலுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

அன்று மாலை, அயோடின் பார்க்கும் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். பட்டைக்குத் தரச்சான்று கொடுத்தது அவள் கையெழுத்து. அதைத் திரும்பப் பெறுகிற அதிகாரமும் அந்தக் கையெழுத்துக்கு உண்டு. தொழிலாளர் துறைக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும், நான்கு பத்திரிகைகளுக்கும் அனுப்பினாள். எழுதியதை ஜெபமலர் படித்துப் பார்த்தாள்.

“இந்த முதல் பத்தியை எடுத்துருங்க மேடம்.”

“அது மரியாதைக்காக எழுதினது.”

“தெரியும். எடுத்துருங்க. ‘இந்தப் பட்டை ஆளைக் கொல்கிறது’ன்னு ஆரம்பிங்க.”

அப்படியே ஆரம்பித்தாள்.

*

அதற்கப்புறம் நடந்தது பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டும் பட்டையை நிறுத்தினார்கள். மற்ற மாவட்டங்களில் ‘உப்பு இல்லாத இடங்களில் பாதகம் நிரூபிக்கப்படவில்லை’ என்று தொடர்ந்தார்கள். பூங்கோதையைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். துணை இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனது. பதினோரு மரணங்களில் நான்கை மறுபடியும் விசாரிக்கச் சம்மதித்தார்கள். சந்தனமாரியின் பெயர் அந்த நான்கில் இருந்தது.

விசாரணைக் குழு ஆறு மாதம் உட்கார்ந்து அறிக்கை கொடுத்தது. இளநிலை ஆய்வாளரின் கண்டுபிடிப்பு மேலிடத்தைச் சென்றடையாததற்குக் காரணம் தகவல் பரிமாற்றக் குறைபாடு என்று அதில் இருந்தது. பரிந்துரை: நிலையத்தின் எல்லா ஊழியர்களுக்கும் கூடுதலாக ஐந்து நாள் மென்திறன் பயிற்சி. பூங்கோதை அந்தப் பக்கத்தை இரண்டாகக் கிழித்தாள். கிழித்ததால் ஒன்றும் ஆகவில்லை. அறிக்கைக்கு நூறு பிரதிகள் இருந்தன.

ஒரே ஒரு பலன் ஜெபமலருக்குக் கிடைத்தது. ஒரு மனுஷியின் பேச்சையும் நடத்தையையும் அவளிடம் தனியாகச் சம்மதம் வாங்காமல் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது, கேட்டால் அழிக்க வேண்டும் என்று குழு சொன்னது. அழிக்க அவளுடைய கையெழுத்து வேண்டும் என்று பயிற்சி நிறுவனத்திலிருந்து கடிதம் போனது. ஜெபமலர் ரயில் ஏறி வந்தாள். எழும்பூரில் பூங்கோதை காத்திருந்தாள். கூப்பிட்டுக்கொண்டு போக வருகிறேன் என்று அவளாகத்தான் சொன்னாள். ஜெபமலர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் ஆட்டோவில் பயிற்சி நிறுவனத்துக்குப் போனார்கள்.

நிரஞ்சன் படிவத்தை எடுத்து வைத்தான். முன்பைவிட இளைத்திருந்தான். ஜெபமலரைப் பார்த்தவன் பார்வையை எடுக்க முடியாமல் திணறினான். தினமும் கேட்டுப் பழகிய குரல், பார்த்தறியாத ஒரு முகத்திலிருந்து வந்தது அவனை என்னவோ செய்தது.

“கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு தடவை பாக்கணும்” என்றாள் ஜெபமலர். “மேடம் உட்காருத சீட்ல நான் உட்காரணும்.”

நிரஞ்சன் பூங்கோதையைப் பார்த்தான். பிறகு எழுந்து போய்த் திரை இருந்த அறையைத் திறந்தான்.

திரையில் தாரிணி வந்து உட்கார்ந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். ஜெபமலர் தன்னையறியாமல் தன் துப்பட்டாவைத் தொட்டாள்.

“மேடம், முப்பத்தோரு பேர்ல இருபத்தாறு பேருக்கு ரெண்டு டிகிரி கம்மியா காட்டுது. முதல்ல நம்பரச் சொல்லிருதேன்...”

ஜெபமலர் குறுக்கிடவில்லை. தாரிணி கடைசி வரை சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். உப்புப் படிவது, பச்சை எரிவது, ஆறு மாதம் அவகாசம் வேண்டும் என்பது. எல்லாம் முடிந்தபின் சொன்னாள்:

“சரிம்மா. நீ சொல்லுதது சரி. நிறுத்திருவோம்.”

தாரிணி அசையாமல் இருந்தாள். திரையின் ஓரத்தில் இருந்த முள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவில் துடித்தது. நிரஞ்சன் கையிலிருந்த பலகையை அவசரமாகத் தட்டிப் பார்த்தான்.

“அறுநூறு பேர்ல யாரும் இந்தப் பதிலைச் சொன்னதில்ல” என்றான், பூங்கோதைக்கு மட்டும் கேட்கிற குரலில். “இதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எங்களுக்கே தெரியாது. நாப்பது நிமிஷப் பயிற்சி இது. மூணு நிமிஷம்கூட ஆகல.”

தாரிணி மெதுவாக முன்னால் சாய்ந்தாள்.

“நிஜமாவா மேடம்?”

“நிஜமாத்தான்.”

அந்த வழவழப்பான முகத்தில், யாரும் வரைந்து வைக்காத ஒரு சந்தோஷம் கோணல்மாணலாக வந்தது. ஒரு கண் சற்று முன்பாகவும் மற்றது பின்பாகவும் சிரித்தது. பேச்சு வேகமெடுத்தது.

“அப்போ, பட்டைய நம்பாதீங்கன்னு இப்பவே சொல்லணும் மேடம். நாளைக்கு விடியறதுக்கு முந்தியே பாத்தியில இறங்கிருவாங்க. இறங்கிட்டா போன எடுக்க மாட்டாங்க. எல்லார் நம்பரும் எங்கிட்ட இருக்கு, முப்பத்தோரு பேர் நம்பரும். இன்னும் யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம். நான் வெளியே போய் ஒவ்வொருத்தருக்கா பண்ணிரவா?”

அவளுக்கு அது இன்னும் ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்த நாள்தான். பூங்கோதை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நிரஞ்சன் பலகையைக் கீழே வைத்துவிட்டான்.

ஜெபமலர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். திரையைப் பார்த்த கண்களை அவள் எடுக்கவில்லை.

“பண்ணும்மா” என்றாள். “ஓடு. முதல்ல சந்தனமாரி அக்காவுக்குப் பண்ணு.”